கை வந்திருக்கா இல்லையா, எதை வைத்து டிக் போடுவது?

சுண்ணாம்புக்காரன்

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பயிற்சி நிலையத்தில் சுவர்ப்பூச்சு சொல்லித் தருகிறேன். ஒன்றரை மாதம் சிமெண்ட் பூச்சு, ஒன்றரை மாதம் நம்ம ஊர் சுண்ணாம்புப் பூச்சு. முதல் குழு போன மாதம் முடிந்தது. 16 பேரில் 15 பேர் தேர்ச்சி என்று தாள் சொல்கிறது. ஆனால் என் சொந்த வீட்டுச் சுவரை யாரிடம் நம்பிக் கொடுப்பேன் என்று எண்ணிப் பார்த்தால் ஆறு விரல்தான் மடங்குகிறது. தேறாத அந்த ஒரு பையன் அந்த ஆறு பேரில் ஒருத்தன் என்பது தனி வேடிக்கை, டேப்லெட் கேள்வியில் கோட்டை விட்டுவிட்டான்.

விஷயம் இதுதான். எனக்கு ஒரு படிவம் தந்திருக்கிறார்கள். திறன் அடிப்படைக் கல்வியாம், எல்லாரும் காம்பிடன்சி, காம்பிடன்சி என்கிறார்கள். ஒவ்வொரு திறனுக்கும் எதிரே மூன்று கட்டம்: அறிவு, செய்திறன், மனப்பான்மை. அறிவுக்கு டேப்லெட் இருக்கிறது. செய்திறனுக்கு "சுவரைச் சரியாகப் பூசுகிறார்" என்று ஒரே வரி, பக்கத்தில் ஆம், இல்லை. மனப்பான்மைக் கட்டத்தில் 16 பேருக்கும் "நன்று" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன், வேறு என்னத்தை எழுத?

நான் வேலை பழகிய மேஸ்திரியிடமே கேட்டேன். "கை வரணும்டா. வந்தா தெரியும்" என்றார். எனக்கும்தான் தெரியும், கரண்டியைப் பிடிக்கிற பிடியிலேயே தெரியும். அதை எழுதத்தான் தெரியவில்லை. அடுத்த குழு தை பிறந்ததும் வருகிறது. அதற்குள் படிவத்தை மாற்றி எழுதலாம் என்று அனுமதி வாங்கியிருக்கிறேன். எப்படி எழுதுவது, சொல்லுங்கள்.

பழைய_ஃபிட்டர்

தம்பி, நான் ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவில் பல வருடம் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன். எங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. இரும்புத் துண்டைக் கொடுத்து அரம் போடச் சொல்வோம், இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார வேண்டும், 0.04 மில்லிமீட்டருக்குள் என்று வரைபடத்திலேயே போட்டிருக்கும். ட்ரை ஸ்கொயரை (மூலைமட்டத்தை) வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா, இல்லையா? அவ்வளவுதான். வாத்தியாருக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

உங்கள் படிவத்தில் அந்த வெளிச்சம் இல்லை. "சரியாகப் பூசுகிறார்" என்பது பாராட்டு. திறன் என்று எழுதினால் மூன்று சங்கதி இருக்க வேண்டும்: என்ன நிலைமையில், என்ன வேலை, எந்த அளவுக்குள். உதாரணமாக, இத்தனை அடிச் செங்கல் சுவர், தானே கலந்த கலவை, உதவிக்கு ஓர் ஆள். ஆறடி மட்டப்பலகையை நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டமாகவும் வைத்தால் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. தூக்குக்குண்டு விட்டால் விலகல் இவ்வளவுக்கு மேல் இல்லை. அந்த எண்ணை நீங்களும் உங்கள் மேஸ்திரியும் உட்கார்ந்து முடிவு பண்ணிக்கொள்ளலாம். எண் என்று ஒன்று இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இன்னொன்று, கூட்டிக் கழித்து 40 வாங்கினால் பாஸ் என்கிற பழக்கத்தை விடுங்கள். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடாமல், சுண்ணாம்பின் தலையில் தண்ணீரைக் கொட்டுகிற பையன் மற்ற எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் எனக்குத் தேறவில்லை. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். அதை மற்ற மார்க்கோடு சேர்த்துச் சராசரி எடுக்க முடியுமா? சில படிகளுக்கு எதிரே சிவப்பு மையில் கோடு போட்டு வையுங்கள். அதில் தவறினால் அன்றைய மதிப்பீடு அங்கேயே நின்றது.

செக்காலை_சந்து

சிமெண்ட் பூச்சுக்கு மட்டப்பலகை சரி ஐயா. முட்டைப் பூச்சுக்கு? அங்கே மூஞ்சி தெரியுதா என்றுதானே பார்ப்பார்கள்.

சுண்ணாம்புக்காரன்

அதேதான் என் சிக்கல். ஃபிட்டர் ஐயா சொன்னதை சிமெண்ட் பகுதிக்கு அப்படியே எடுத்துக்கொள்கிறேன், அது தெளிவு. சுண்ணாம்பில் மேல்பூச்சு வேறு கதை. கீழே மணல் கலந்த முரட்டுப் பூச்சு, அதன் மேல் சன்னம், அதன் மேல் அதைவிடச் சன்னம் என்று போய், கடைசியில் அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் காகிதக் கனத்துக்கு இழுப்போம். எத்தனை பூச்சு என்பது ஆளுக்கு ஒரு கணக்கு, அதைத் தொடங்கினால் இந்த இழை சண்டையில் முடியும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரின் வாசனையிலேயே நாள் கணக்குச் சொல்லுவார் என் மேஸ்திரி.

கடைசிப் பூச்சை எப்போது கூழாங்கல்லால் தேய்க்க ஆரம்பிப்பது என்பதுதான் வித்தை. சீக்கிரம் கை வைத்தால் உரிந்து வரும். தாமதித்தால் எவ்வளவு தேய்த்தாலும் மினுங்காது. அந்த நடுவில் உள்ள நேரத்தை அவர் புறங்கையைச் சுவரில் வைத்துக் கண்டுபிடிக்கிறார். உள்ளங்கையில் காய்ப்பு இருப்பதால் ஈரம் தெரியாதாம், அதனால் புறங்கை. இதை நான் மூன்று வருடம் கூடவே இருந்தும் கவனிக்கவில்லை. போன வாரம் படிவத்தைப் பற்றிக் கேட்கப் போன இடத்தில்தான் பார்த்தேன்.

பிஎட்_வாத்தியார்

உங்கள் படிவத்தின் மூன்று கட்டங்களை நாங்கள் களங்கள் என்போம். அவை எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் படிவம் ஏன் இப்படி இருக்கிறது என்பது புரியும். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வருடாவருடம் நடத்துகிற பாடம்தான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறிவுக் களம், உணர்வுக் களம், உளவியக்கக் களம் என்று மூன்று. தலை, மனசு, கை என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமும் கூட இருந்தவர்களும் அறிவுக் களத்தைப் படிநிலையாக வகுத்தது 1956-ல். உணர்வுக் களம் வந்தது 1964-ல். கைக்கு அவர்கள் எதையும் வகுக்கவில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் அதற்கு அவ்வளவு வேலை நடக்கவில்லை, இப்போதைக்குத் தேவைப்படாது என்கிற மாதிரி ஒதுக்கிவிட்டார்கள். அந்தக் குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரித் தேர்வுகளை நடத்துகிறவர்கள், புளூமே சிகாகோ பல்கலைக்கழகத்தில் தேர்வுப் பொறுப்பில் இருந்தவர். கேள்வித்தாள் போடுகிறவர்கள் கூடி வகுத்த பட்டியலில் கரண்டி எப்படி வரும்?

கைக்கு ஏணி போட்டவர்கள் பிறகு வந்தார்கள். எலிசபெத் சிம்சன் 1972-ல் ஏழு படி சொன்னார். அதற்கு முன்பே 1970-ல் ஐந்து படி சொன்னவர் ஆர்.எச். தவே, நம்ம நாட்டுக்காரர், சிகாகோவில் படித்தவர். பார்த்துச் செய்வது, சொல்லக் கேட்டுச் செய்வது, பிசகில்லாமல் செய்வது, பல வேலையைக் கோத்துச் செய்வது, யோசிக்காமலே கை தானாகச் செய்வது. உங்கள் மேஸ்திரி "கை வரணும்" என்று சொல்வது இந்த ஐந்தாவது படி. மூன்று மாதத்தில் அங்கே யாரும் போக மாட்டார்கள், போக வேண்டியதும் இல்லை. மூன்றாவது படியில் நின்றால் போதும் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால் படிவம் பாதி எழுதி முடிந்த மாதிரி.

சிம்சனின் ஏழு படியில் முதல் படி எனக்குப் பிடித்தது. புலனால் உணர்வது. செய்வதற்கு முன்னால் கவனிக்கத் தெரிவது. உங்கள் புறங்கை அங்கே வருகிறது. பெரும்பாலான படிவங்களில் இந்தப் படியே இருக்காது.

பூக்கல்_வீடு

எங்களுடையது ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூக்கல் போடுகிற குடும்பம். வாத்தியார் சொன்ன ஏழில் ஆறாவது படி என்னவென்று தேடிப் பார்த்தேன், நிலைமைக்குத் தகுந்தபடி மாற்றிச் செய்வதாம். அங்கேதான் எல்லாரும் விழுவார்கள்.

எங்கள் வேலையில் கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் அந்தந்த நிறக் கலவையை ஊற்றுவோம். ஊற்றிவிட்டு அச்சைத் தூக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடும், கொஞ்சம் பிந்தினால் கோட்டின் ஓரம் பிய்ந்து வரும். அப்புறம் மேலே வறண்ட சிமெண்டும் மணலும் தூவி, அதன் மேல் ஈரக் கலவை வைத்து மட்டம் பண்ணி, இறுகியதும் தண்ணீர்த் தொட்டி. அதெல்லாம் ஒரு வாரத்தில் யாருக்கும் வந்துவிடும். அச்சைத் தூக்குகிற நேரம் மட்டும் சித்திரையில் ஒரு கணக்கு, ஐப்பசி மழையில் ஒரு கணக்கு. சித்திரையில் பயின்ற பையன் ஐப்பசியில் போட்ட முதல் 30 கல்லையும் நாங்கள் உடைத்துத்தான் போட்டோம். அவன் அழுதேவிட்டான்.

அதனால் அண்ணே, தை முதல் பங்குனி வரை நடக்கிற குழுவுக்கு மழைக்காலச் சுவரைப் பற்றி டிக் போடாதீர்கள். "வெயில் காலத்தில் செய்யத் தெரியும்" என்று எழுதிக் கொடுங்கள். சான்றிதழில் அப்படி எழுதினால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் நிஜம்.

பெரியவீட்டு_வாரிசு

நான் மறுபக்கம். கானாடுகாத்தானில் எங்கள் பாட்டையா கட்டிய வீட்டில் எனக்கு ஏழில் ஒரு பங்கு. பட்டாசாலைச் சுவரைச் சரிசெய்யச் சான்றிதழ் வைத்திருக்கிற இரண்டு பேரை அமர்த்தினோம். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஓட்டையை அடைக்கச் சிமெண்டைப் பூசிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை, சிமெண்ட் பூசிய இடத்தைச் சுற்றிப் பழைய பூச்சு ஊதிப்போய்ப் பொத்துப் பொத்தென்று விழுந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்ட் வழியை அடைத்துவிடும் என்று பிறகு ஒரு பொறியாளர் சொன்னார்.

அவர்கள் பூசிய இடம் மட்டமாகத்தான் இருந்தது. ஃபிட்டர் ஐயாவின் பலகையை வைத்திருந்தால் இரண்டு பேரும் தேறியிருப்பார்கள். எது எதோடு சேராது என்று தெரியாத கைக்கு எத்தனை மில்லிமீட்டர் வைத்து என்ன?

பழைய_ஃபிட்டர்

சரியான அடி. ஒப்புக்கொள்கிறேன். அளவு தேவை, அளவு மட்டும் போதாது. அறிவுக் கட்டத்துக்குக் கேள்வியை டேப்லெட்டில் கேட்காமல் சுவர்ப் பக்கத்திலேயே கேளுங்கள். பழைய சுவர் ஒன்றைக் காட்டி "இதில் எதைப் பூசுவாய், ஏன், எதைப் பூசக் கூடாது" என்று கேட்டால் தலையும் கையும் ஒரே இடத்தில் தெரிந்துவிடும்.

செக்காலை_சந்து

எல்லாரும் ரொம்ப ஆர்வமாகப் பேசுகிறீர்கள், எனக்கு ஒரு பழைய பயம். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை மறந்துவிட்டோமா? பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று ஊரே கொந்தளித்து, 1954-ல் காமராசர் முதலமைச்சராக வந்ததும் தூக்கிப்போட்டார். இப்போது "தொழிற்கல்வி", "திறன்" என்று புதுச்சட்டை போட்டு வருகிறதா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கொத்தனார் பிள்ளைக்குக் கரண்டி, பெரியவீட்டுப் பிள்ளைக்கு அழகப்பா பொறியியல் கல்லூரி. யார் பிள்ளை அந்த 16 பேரில் இருந்தார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

சுண்ணாம்புக்காரன்

நியாயமான கேள்வி, மழுப்பவில்லை. 16 பேரில் கொத்தனார் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர்தான். மீதி விவசாயம், ஆட்டோ, ஒருத்தன் பி.காம். முடித்தவன். பெரியவீட்டுப் பிள்ளை யாரும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நான் வேலை பழகின விதத்தையும் கேளுங்கள். நான் கொத்தனார் வீட்டுப் பிள்ளை இல்லை. மேஸ்திரி என்னிடம் பிரியமாகத்தான் இருந்தார், ஆனாலும் கடைசிப் பூச்சுக்குக் கலவை கூட்டும்போது மட்டும் "போய் டீ வாங்கிட்டு வாடா" என்பார். இரண்டு வருடம் டீ வாங்கினேன். அவர் தம்பி மகன் பக்கத்திலேயே நிற்பான். எந்தத் திறனையும் எழுதி வைக்காதவரை அது ரத்த உறவில்தான் ஓடுகிறது, அல்லது டீக்கடைக்குப் போகிறது. எழுதி வைத்தால் யார் பிள்ளையும் கேட்கலாம். இதுதான் எனக்கு இந்தப் படிவத்தின் மேல் உள்ள ஒரே ஆசை, இல்லாவிட்டால் எப்போதோ அடுப்பில் போட்டிருப்பேன்.

ரஸ்தா_பொண்ணு

இத்தனை பேர் பேசிவிட்டீர்கள், சித்தாளைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

என் அம்மா 22 வருடமாகச் சித்தாள். தேவகோட்டை ரஸ்தாவிலிருந்து காலையில் பஸ் ஏறினால் எங்கே வேலையோ அங்கே. இத்தனை வருடத்தில் ஒருத்தரும் அவர் கையில் கரண்டி கொடுத்ததில்லை. கூட நிமிந்தாளாக (கொத்தனாருக்குக் கை உதவியாக) வந்த பையன்கள் மூன்று, நான்கு வருடத்தில் கொத்தனார் ஆகிவிட்டார்கள், அம்மா அவர்களுக்கும் சாந்து சுமந்தார். போன வருடம் ஒரு முகாமில், ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறார்கள் என்று கூட்டிக்கொண்டு போனேன். டேப்லெட்டில் எழுத்து தமிழ்தான், பேச்சு தமிழ் இல்லை. "மோர்ட்டார்" என்று இருந்தது, அம்மா சாந்து என்றுதான் சொல்வார். "ஒன்றுக்கு ஆறு விகிதக் கலவையில் மணலின் பங்கு" என்று கேட்டது. அம்மா என்னைப் பார்த்து, "மணல் ஈரமா, காய்ஞ்சதா? ஈரம்னா ரெண்டு சட்டி கூடப் போடணும்ல" என்றார். அதற்கு அங்கே கட்டம் இல்லை. ஏதோ ஒன்றை அழுத்திவிட்டு வந்துவிட்டார். தேறவில்லை.

பழைய_ஃபிட்டர்

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அதுதான் கேள்வியைவிட உயர்ந்த பதில். லேசான ஈரத்தில் மணல் உப்பும். அளந்து பார்த்தால் கால் பங்குக்கு மேலேகூடக் கொள்ளளவு கூடித் தெரியும். அதே சட்டிக் கணக்கில் போட்டால் மணல் குறைந்துவிடும், அதனால்தான் கூடப் போடுவது. பொறியியல் கல்லூரியில் இதற்கு ஒரு சோதனையே உண்டு, கண்ணாடிக் குடுவையில் செய்து காட்டுவார்கள்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் தங்கச்சி. சட்டி கடைக்குக் கடை மாறும். 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஏறக்குறைய 35 லிட்டர். அதே 35 லிட்டருக்கு ஒரு மரப்பெட்டி அடித்து வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு ஆறு என்றால் ஆறு பெட்டி, யார் கேட்டாலும் பதில் சொல்லலாம். அம்மாவுக்குத் தெரிந்ததை தேர்வுக்காரனுக்குப் புரிகிற பாஷையில் சொல்ல அந்த ஒரு பெட்டி போதும்.

பிஎட்_வாத்தியார்

இதை என் வகுப்பில் சொல்லப் போகிறேன், அனுமதி உண்டா? ஏனென்றால் நாங்கள் சித்தாள் வேலையைக் கை வேலை என்று உளவியக்கக் களத்தில் தள்ளிவிடுவோம். இவர் செய்தது பகுப்பாய்வு. நிலைமையைப் பார்த்து விதியை மாற்றுகிறார். புளூமின் ஏணியில் பாதிக்கு மேலே. கேட்ட கேள்வியோ கீழ்ப்படி, ஞாபகத்தில் இருக்கிறதா என்பது மட்டும்.

ரஸ்தா_பொண்ணு

சொல்லுங்கள் சார். பெயர் வேண்டாம். ஏணியில் மேலே என்றால் கூலியில் ஏறுமா என்றுதான் அம்மா கேட்பார்.

கொட்டான்_அக்கா

மனப்பான்மைக் கட்டத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் ஓலைக் கொட்டான் (கூடை) பின்னுகிறவள், கொஞ்ச நாளாகப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறேன். சாயம் ஏற்றிய ஓலையை வகிர்ந்து அடியிலிருந்து பின்னிக்கொண்டு வரும்போது ஒரு இழை தளர்ந்தால் வாய்க்கு வரும்போது கொட்டான் கோணிவிடும். வெளியே குரோஷா வேலையும் மணியும் வைத்துவிட்டால் வாங்குகிறவருக்குத் தெரியாது. பின்னினவளுக்குத் தெரியும்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. தப்பு தெரிந்ததும் தானே பிரிக்கிறாளா, இல்லை நான் பார்க்கிறேனா என்று என் மூஞ்சியைப் பார்க்கிறாளா. முதல் வாரம் எல்லாரும் என் மூஞ்சியைத்தான் பார்ப்பார்கள். எந்த நாளில் ஒரு பிள்ளை தானே பிரித்துவிட்டு மறுபடி அடியிலிருந்து ஆரம்பிக்கிறதோ, அன்றைக்கு தேதி எழுதி வைத்துக்கொள்வேன். நன்று, மிக நன்று எல்லாம் எனக்கு வேண்டாம், தேதி போதும்.

பிஎட்_வாத்தியார்

அக்கா, உணர்வுக் களத்தில் ஐந்து படி. கவனம் கொடுப்பது, சொன்னால் செய்வது, தானே மதிப்பது, மதிப்புகளை ஒழுங்குபடுத்திக்கொள்வது, கடைசியில் அதுவே குணமாகிவிடுவது. நீங்கள் தேதி போடுவது இரண்டாவது படியிலிருந்து மூன்றாவதுக்கு ஏறுகிற நாள். நான் இதை விளக்க ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்வேன்.

செக்காலை_சந்து

முட்டை விலையில் இந்தப் பூச்சையெல்லாம் எவன் பூசப்போகிறான் என்பது வேறு விஷயம். சும்மா சொன்னேன், கோபிக்காதீர்கள்.

பெரியவீட்டு_வாரிசு

பூசுவோம். ஏழு பங்காளியும் ஒத்துக்கொண்டால் பூசுவோம். முட்டையைவிட அது கஷ்டம்.

சுண்ணாம்புக்காரன்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். மேஸ்திரியை இரண்டு நாள் வேலை செய்யவைத்து, பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தேன். "என்ன செய்றீங்க" என்று கேட்டால் பதில் வரவில்லை. "இப்ப எதைப் பார்த்தீங்க" என்று கேட்டால் வருகிறது. அதனால் கேள்வியை அப்படியே மாற்றிக்கொண்டேன். நோட்டிலிருந்து சில வரிகள்:

கலவை: கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டியிருக்கிறது. விழுந்தால் என்ன குறை என்று தானே சொல்கிறார், சரிசெய்கிறார். (மூன்று தடவை, மூன்று வெவ்வேறு நாளில்.)

கீழ்ப்பூச்சு: அடுத்த பூச்சு ஏற்றுவதற்கு முன் கணுவால் தட்டிப் பார்க்கிறார். ஓட்டைச் சத்தம் வந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொத்தி எடுக்கிறார். நான் சொல்லிச் செய்தால் கணக்கில் வராது.

மேல்பூச்சு: கல் தேய்க்கும் முன் புறங்கை. எந்த இடம் முந்திக் காய்ந்திருக்கிறது என்று காட்டுகிறார், அங்கிருந்து ஆரம்பிக்கிறார்.

பழைய சுவர்: சிமெண்ட் ஏன் கூடாது என்று வீட்டுக்காரருக்குச் சொல்வதுபோல் சொல்லிக் காட்டுகிறார். வீட்டுக்காரராக நான் நடித்துச் "சீக்கிரம் முடியுமே, சிமெண்டே போடு" என்று வற்புறுத்துவேன்.

சிவப்புக் கோடு: நீற்றும்போது கண்ணாடி, தண்ணீரில் சுண்ணாம்பு, பக்கத்தில் கண் கழுவ ஒரு வாளி நல்ல தண்ணீர்.

மனப்பான்மை: கொட்டான் அக்கா சொன்னபடி தேதி மட்டும். அதோடு சாயங்காலம் கரண்டியும் சட்டியும் கழுவியிருக்கிறதா என்று ஒரு வரி, ஏனென்றால் எனக்கு அது ஆகாது.

தீராத ஒன்றும் இருக்கிறது. திறன் அடிப்படை என்றால் அளவு மாறக் கூடாது, நாள்தான் ஆளுக்கு ஆள் மாற வேண்டும். இதை அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜான் கேரல் 1963-லேயே சொல்லிவிட்டார் என்று வாத்தியார் தனியாக எழுதியிருந்தார். சரிதான், ஆனால் எங்களுக்கு நிதி வருவது வருகைப் பதிவேட்டைப் பார்த்து, மூன்று மாதம் என்றால் மூன்று மாதம். ஒருத்தனுக்கு ஐந்து வாரத்தில் கை வந்துவிடுகிறது, இன்னொருத்தனுக்கு ஐந்து மாதம் வேண்டும். முந்தினவனை உட்காரவைக்கிறேன், பிந்தினவனைத் தள்ளிவிடுகிறேன். மேலே கேட்டேன், "பார்க்கலாம்" என்றார்கள். அதற்கு அர்த்தம் நமக்குத் தெரியும். இப்போதைக்கு முந்தினவர்களைப் பிந்தினவர்களுக்குத் துணையாக விடுவதாக இருக்கிறேன், அதற்குமேல் வழி தெரியவில்லை.

பழைய_ஃபிட்டர்

"மூன்று தடவை, மூன்று நாளில்" என்று போட்டீர்களே, அந்த ஒரு வரிக்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கலாம். ஒரு தடவை சரியாக வந்தது அதிர்ஷ்டமாகக்கூட இருக்கும்.

பூக்கல்_வீடு

வெயில் காலம் என்று எழுதுகிற என் யோசனை என்ன ஆயிற்று?

சுண்ணாம்புக்காரன்

சான்றிதழில் எழுத விடமாட்டேன் என்கிறார்கள். பின்பக்கம் பென்சிலில் எழுதித் தருகிறேன், ஐப்பசியில் வந்தால் இரண்டு நாள் இலவசமாகப் பூசிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று.

ரஸ்தா தங்கச்சிக்கு ஒரு கேள்வி. கலவைப் பாடத்தை எடுக்கவும், அந்த முதல் வரிக்கு டிக் போடவும் எனக்கு ஆள் வேண்டும். முதல் இரண்டு வாரம், தினம் அரை நாள். அம்மா வருவார்களா?

ரஸ்தா_பொண்ணு

கேட்டேன் அண்ணே. முதலில் சிரித்தார். அப்புறம் ஒன்று கேட்கச் சொன்னார்: கொத்தனார் கூலியா, சித்தாள் கூலியா?

சுண்ணாம்புக்காரன்

கொத்தனார் கூலி. அரை நாளுக்கு அரைக் கூலி இல்லை, முழுசு. கேட்டு வாங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ரஸ்தா_பொண்ணு

அப்போ திங்கட்கிழமை எட்டரை பஸ்ஸுக்கு வருவார். மணலை மூடி வைக்கச் சொன்னார், பனியில் நனைந்தால் கணக்கு மாறுமாம்.